சவரக்கத்தி தீட்டுதல்: கல்லில் தொடங்கித் தோல்வார் வரை

இந்த வழிகாட்டி, பிடிக்குள் மடித்து வைக்கும் முழு அலகுள்ள பழைய பாணிச் சவரக்கத்திக்கானது. சலூன்களில் இப்போது பாதி பிளேடைச் செருகிப் பயன்படுத்தும் கத்திக்கு இதெல்லாம் தேவையில்லை. பிளேடை மாற்றினால் போதும்.

புதிதாகத் தீட்டுகிறவரின் கத்தி தாடியை இழுத்தால், கோளாறு பெரும்பாலும் முதல் கல்லிலேயே இருக்கும். கல்லின் எண் கூடக் கூட அதன் துகள் நுண்மையாகும். 1000 கல்லில் முடிக்காத வேலையை 12000 கல் முடித்துக் கொடுக்காது. ஆனால் பழி விழுவது கடைசிக் கல்லின் மேல்தான். அதைவிட விலை கூடிய கல்லைத் தேடி அலைகிறார்கள். அதனால்தான் கீழே 1000 கல்லுக்கு மட்டும் கூடுதல் இடம்.

1. கத்தியைப் படித்துப் பாருங்கள்

வெட்டும் ஓரம் வாய். அதற்கு எதிரே தடித்திருப்பது முதுகு. பிடியை ஒட்டிய முனை அடி, மறுமுனை நுனி. வாயை ஒட்டி இரு பக்கமும் நூல் அகலத்தில் ஒரு பட்டை பளபளக்கும், அது சரிவு. இரண்டு சரிவுகளும் சந்திக்கும் கோடுதான் கூர். அடியிலிருந்து நுனிவரை எங்கும் விட்டுப்போகாமல் அவை சந்தித்துவிட்டால் தீட்டும் வேலையில் பெரும்பகுதி முடிந்தது.

சமையல் கத்தியைப் போலக் கோணத்தைக் கையால் பிடித்து வைக்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானிக்கிறது. அலகின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 4.5 மில்லிமீட்டர் என்றால் இரு சரிவுகளுக்கும் நடுவில் சுமார் 16 பாகை வரும். 16, 17 பாகை நல்ல அளவு. 15-க்குக் கீழே போனால் வாய் பொடிந்து உதிரும். 20-ஐ நெருங்கினால் கத்தி முகத்தில் கனமாக ஓடும்.

பழகுவதற்கு 5/8 அல்லது 6/8 அங்குல அகலமும், இரு பக்கமும் உள்வாங்கும்படி நன்றாகக் குழித்த அலகும், நேரான வாயும் உள்ள கத்தியை எடுங்கள். ஜெர்மனியின் சோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் செய்த பழைய கத்திகள் நல்ல நிலையில் கிடைத்தால் அவையே போதும். குழிக்காத ஆப்பு வடிவக் கத்தி வேண்டாம். அதில் கல்லைத் தொடும் பரப்பு அதிகம். தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும்.

வாயின் ஓரத்திலேயே துருக்குழி இருந்தாலும், சில்லு பெயர்ந்திருந்தாலும், வாய் நடுவில் உள்வாங்கியிருந்தாலும் அந்தக் கத்தியைப் பழகுவதற்கு எடுக்காதீர்கள். துருக்குழி உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது; தீட்டத் தீட்ட வாய் அங்கேயே உடைந்துகொண்டிருக்கும். கைமாறி வந்த கத்தியாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் இந்தக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவருடைய சக்கரம் சரி. இங்கே வாயை ஒட்டிய இரும்பு காகிதத்தைவிட மெல்லியது. சுழலும் சக்கரத்தில் அது நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் தங்காது.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

1000, 4000 அல்லது 5000, 8000, 12000 என்று நான்கு நீர்க்கற்கள். நானிவா, ஷாப்டன், கிங், நார்ட்டன் எதுவானாலும் பரவாயில்லை. ஒரே நிறுவனத்தின் வரிசையாக இருந்தால் கல்லின் போக்கு பிடிபட எளிது. அகலம் 70 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் விற்கும் இருபக்க கார்போரண்டம் கல் இதற்கு மிகவும் சொரசொரப்பானது. அது போடும் கீறலை எடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

கல்லைச் சமப்படுத்த ஒரு வைரத் தகடு வேண்டும். இல்லாவிட்டால் தடித்த கண்ணாடியின் மேல் ஒட்டிய 320 எண் வாட்டர் பேப்பர் போதும். மீதி எல்லாம் சில்லறைச் சாமான்கள்: கறுப்பு மார்க்கர் பேனா, நகைக்கடைகளில் வைத்திருப்பதுபோல ஆனால் 30 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், தண்ணீர் தெளிக்கும் புட்டி, பென்சில், பழைய பருத்தித் துணி.

தோல்வார் ஒன்று. 6 முதல் 8 சென்டிமீட்டர் அகலத்தில், ஒருபக்கம் கான்வாஸ், மறுபக்கம் தோல் உள்ளதாக வாங்குங்கள். முதல் வாரை விலை குறைவாகவே வாங்கலாம். பழகும்போது அதில் வெட்டு விழத்தான் செய்யும்.

முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டுமா என்பது ஓயாத சர்ச்சை. முதுகில் பூவேலையோ பொன்முலாமோ இருந்தால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தேவையில்லை. வாய் தேயும்போது முதுகும் கூடவே தேய்வதால்தான் கோணம் மாறாமல் இருக்கிறது. டேப் ஒட்டினால் கோணம் சுமார் ஒரு பாகை கூடும். ஒட்டித் தொடங்கினால் கடைசிக் கல்வரை ஒட்டியே தீட்ட வேண்டும். நடுவில் உரித்தால் முதுகு தாழும், சரிவின் மேல்பகுதிதான் கல்லில் தேயும், கூர் கல்லைத் தொடவே தொடாது.

3. கல்லைத் தயார் செய்தல்

புதுக் கல் சமமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கல்லின் முகம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போடுங்கள். தண்ணீர் விட்டு வைரத் தகட்டில் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரேயடியாக அழிந்தால் கல் சமம். நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம் இருக்கிறது. மீண்டும் கட்டம் போட்டு, அழியும்வரை தேயுங்கள். கல்லின் நான்கு ஓரங்களையும் கூர் இல்லாமல் மழுக்கிவிடுங்கள். கூரான ஓரத்தில் வாய் தட்டினால் சில்லு பெயரும்.

கிங் 1000 போன்ற கல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது. ஷாப்டன், நானிவா சூப்பர் ஸ்டோன் போன்றவற்றின் மேல் தண்ணீர் தெளித்தாலே போதும். அவற்றை ஊறப்போட்டால் மென்மையாகி, பிறகு வெடிக்கவும் கூடும்.

ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போகும் முன் கத்தியையும் கையையும் கழுவுங்கள், துணியையும் மாற்றுங்கள். 1000 கல்லின் ஒரே ஒரு துகள் 12000 கல்லின் மேல் வந்து உட்கார்ந்தால் வாய் நெடுகக் கீறல் விழும்.

4. கையும் நடையும்

கல்லை மேசையில் ஈரத்துணியின் மேல் வையுங்கள். பிடியை விரித்து, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திருகி முதுகு எழும்பிவிடும். பேனா பிடிக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும்.

கல்லில் வாய் முன்னால் போக வேண்டும். கல்லின் மேலிருந்து மெல்லிய தாள் ஒன்றைச் சீவி எடுப்பதுபோல நகர்த்துங்கள். மறுகோடிக்கு வந்ததும் முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே கத்தியைப் புரட்டி, மறுபக்கம் படிய வைத்துத் திரும்பி வாருங்கள். போய் வருவது ஒரு சுற்று. முதுகுக்குப் பதிலாக வாயின் மேல் புரட்டினால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

அலகின் நீளம் சுமார் 75 மில்லிமீட்டர், கல்லின் அகலம் 70. அதனால் நேராகத் தள்ளினால் ஒரு முனை கல்லைவிட்டு வெளியே நிற்கும். அடிப்பக்கம் கல்லில் இருக்கத் தொடங்கி, முன்னே போகப் போகக் கத்தியைப் பக்கவாட்டில் இழுத்து, முடியும்போது நுனி மட்டும் கல்லில் இருக்கும்படி விடுங்கள். கத்தி கல்லைக் குறுக்காகக் கடக்கும். இரு பக்கமும் அப்படிச் செய்தால் அந்தப் பாதை பெருக்கல் குறிபோல விழும். இதுதான் குறுக்கோட்டம்.

அடிப்பக்கத்தில் தண்டு தொடங்கும் இடத்தில் அலகு சற்றுத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு கல்லில் ஏறக் கூடாது. ஏறினால் கத்தி அதன் மேல் ஊன்றிக்கொள்ளும், அதையொட்டிய வாய் அந்தரத்தில் நிற்கும். பழைய கத்திகளில் அடிமுனை கொக்கிபோல நீண்டு, அதற்குப் பக்கத்தில் வாய் தேயாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். தடிப்பு கல்லின் ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி கத்தியைத் தள்ளி வையுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் கத்தியை ஓட்டிப் பாருங்கள். 1000 கல்லில் தொடங்கும்போது 200 முதல் 300 கிராம் வரை போகலாம். கடைசிக் கல்லில் கத்தியின் எடையைத் தாண்டவே கூடாது. குழித்த அலகு வளைந்துகொடுக்கும். அழுத்தினால் சரிவின் நடுப்பகுதி தேயும், கூர் கல்லைவிட்டு விலகும்.

5. 1000 கல்: சரிவை அமைத்தல்

முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரின் வழவழப்பான விளிம்பில், கத்தியின் எடையோடு மட்டும், வாயை ஒரே ஒரு முறை நீளவாக்கில் இழுங்கள். இருக்கும் கூர் மழுங்கிவிடும். வேண்டுமென்றே மழுக்குவது வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் பழைய கூர் அங்கங்கே மிஞ்சியிருந்தால் பின்னால் செய்யும் சோதனைகள் எல்லாம் பொய் சொல்லும். மழுக்கிவிட்டால், இனி முடியை வெட்டும் கூர் முழுக்க நீங்கள் அமைத்ததுதான்.

இரண்டு சரிவுகளிலும் மார்க்கரால் கறுப்புப் பூசுங்கள். அழுத்தாமல் ஒரே சுற்று ஓட்டிவிட்டு லென்ஸில் பாருங்கள். கறுப்பு முழுக்க அழிந்திருந்தால் நல்லது. வாயோரத்தில் கறுப்புக் கோடு மிஞ்சினால் கூர் இன்னும் கல்லைத் தொடவில்லை. வாய் வரும்வரை சரிவைத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் நடுவில் மட்டும் அழிந்து, மறுபக்கம் அடியிலும் நுனியிலும் மட்டும் அழிந்தால் அலகு வளைந்திருக்கிறது. அதை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு வேறு கத்தியில் பழகுங்கள்.

அடுத்து வட்டங்கள். ஒரு பக்கத்தைக் கல்லில் படிய வைத்து, அலகின் மேல் ஒரு விரலை லேசாக வைத்து, சிறுசிறு வட்டமாக 30. பிறகு மறுபக்கம் 30. எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு சரிவு அகன்று கூர் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். அதன்பின் அழுத்தத்தைப் பாதியாக்கி 15 சுற்று குறுக்கோட்டம். இது ஒரு தொகுதி.

தண்ணீரைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூர் கல்லோடு படிந்து நகர்ந்தால், வாய்க்கு முன்னால் திரளும் தண்ணீர் அலகின் மேல் மெல்லிய ஏடாக ஏறி வழியும். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் ஏறாமல் அடியில் புகுந்து போனால், அந்த இடத்தில் வாய் கல்லைத் தொடவில்லை. லென்ஸை எடுக்கும் முன்பே எந்த இடத்தில் வேலை பாக்கி என்று இது காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் கத்தியைத் துடைத்து, மேசை விளக்கின் கீழ் வாயை உங்களை நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். கத்தியை மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். சரிவுகள் சந்தித்த இடத்தில் கூர் கண்ணுக்கே தெரியாது. சந்திக்காத இடத்தில் வெள்ளை நூலிழை போல ஒளி மின்னும். அந்த மின்னல் அடியிலிருந்து நுனிவரை எங்கும் இருக்கக் கூடாது. நுனியும் அடியும்தான் கடைசியாக வரும். பெரும்பாலானவர்கள் பொறுமையிழந்து அடுத்த கல்லுக்குத் தாவுவதும் இங்கேதான்.

மின்னல் மறைந்ததும் முன்கையில் முடிச் சோதனை. அடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும், வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டிலும், தோலை ஒட்டி முடி விழ வேண்டும். ஒரே ஓரிடத்தில் விழாவிட்டாலும் திரும்பக் கல்லுக்குப் போங்கள். நல்ல நிலையில் உள்ள கத்திக்கு இரண்டு மூன்று தொகுதி போதும். நாள்பட்டு மழுங்கிய கத்திக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகலாம். அது நேர விரயம் அல்ல.

இங்கே இன்னொரு தவறும் நடக்கும். சமையல் கத்திக்குப் பிசிறு எழும்பும்வரை தேய்ப்பது வழக்கம். சவரக்கத்திக்குப் பிசிறைத் தேடாதீர்கள். ஒரே பக்கத்தை அழுத்தித் தேய்த்தால் வாயில் மெல்லிய ஜரிகைபோல இரும்பு நீளும். அது கைமுடியை அற்புதமாக வெட்டும், முகத்தில் முதல் இழுப்பிலேயே மடங்கி உடையும். அதனால்தான் 1000 கல்லைவிட்டுப் போகும் முன், கத்தியின் எடையோடு மட்டும் கடைசியாக ஒரு 10 சுற்று ஓட்டச் சொல்வது.

6. 4000, 8000: கீறலை மாற்றுதல்

இந்த இரண்டு கல்லிலும் புதிதாக எதையும் அமைப்பதில்லை. 1000 கல்லின் துகள் சுமார் 12 முதல் 15 மைக்ரான் இருக்கும். அது போட்ட பள்ளங்களை அதைவிட நுண்ணிய பள்ளங்களாக மாற்றுவது மட்டுமே வேலை.

மறுபடி மார்க்கர், 4000 கல்லில் 30 சுற்று, லென்ஸில் பார்வை. முன்கல்லின் ஆழமான கீறல் கூர்வரை ஓடுகிறதா என்று மட்டும் தேடுங்கள். கூரை எட்டும் ஒவ்வொரு கீறலும் அங்கே ஒரு பல்லாக முடியும். அதுதான் முகத்தில் எரியும். கீறல் இருந்தால் இன்னும் 15 சுற்று. 8000 கல்லிலும் இதேபோல 30 முதல் 40 சுற்று, அழுத்தம் இன்னும் குறைவாக. சரிவு இப்போது மங்கலான கண்ணாடிபோல ஆகியிருக்கும். கைமுடி சத்தமில்லாமல் விழும்.

7. 12000 கல்: கடைசி மெருகு

கல்லின் மேல் தண்ணீர் நிறையத் தெளித்து, கத்தியின் எடையோடு மட்டும் 40 சுற்று. கையின் பாரம் சேரக் கூடாது. முழங்கையைத் தூக்கி வைத்தால் தானாகவே குறையும். முடிவை நெருங்கும்போது கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு இழுபடுவதுபோலத் தோன்றும். இரண்டு சமப்பரப்புகள் தண்ணீரோடு சேர்ந்தால் அப்படித்தான், நல்ல அடையாளம். அங்கே நிறுத்துங்கள்.

ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் பெல்ஜியக் கோட்டிக்கூல் போன்ற இயற்கைக் கற்கள் முகத்துக்கு இதமான கூர் தருபவை. ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒருவிதம். நான்கைந்து கத்திகளைச் செயற்கைக் கல்லில் வெற்றியாகத் தீட்டிய பிறகு அவற்றுக்குப் போங்கள்.

8. தோல்வார்

கல்லில் வாய் முன்னால். வாரில் முதுகு முன்னால். இதை மாற்றிச் செய்தால் வார் இரண்டாகும்.

வாரை ஒரு கொக்கியில் மாட்டி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். முதுகும் வாயும் படிய வைத்து, கோடியில் முதுகின் மேல் புரட்டித் திரும்புங்கள். கான்வாஸில் 20 சுற்று, தோலில் 50 சுற்று. வேகம் வேண்டாம். சினிமாவில் நாவிதர் படபடவென்று அடிப்பதைப் பார்த்துப் பழகினால் திரும்பும் இடத்தில் முதுகு எழும்பும்; ஒரே வீச்சில் கூர் போய்விடும். முதல் வாரம் மெதுவாக, எண்ணிக்கொண்டே செய்யுங்கள். கத்தி ஓடும் ஓசை இரு திசையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குரோமியம் ஆக்ஸைடு என்ற பச்சைப் பசையைத் தினமும் பயன்படுத்தும் வாரில் பூசாதீர்கள். பூசிவிட்டால் எடுக்க முடியாது. தட்டையான மரப்பட்டையில் ஒட்டிய தனித் தோலில் பூசி, தேவைப்படும்போது 10 சுற்று போதும்.

9. முகத்தில் சோதனை

ஒற்றை முடியைத் தொங்கவிட்டு வாயில் தொட்டு வெட்டும் சோதனை பார்க்க அழகு. ஆனால் முடியின் தடிமனுக்கேற்ப முடிவு மாறும். முகம்தான் சரியான சோதனை. வெந்நீரில் தாடியை ஊறவைத்து, நுரை போட்டு, கன்னத்தில் சுமார் 30 பாகைச் சாய்வில், முடி வளரும் திசையில் இழுங்கள். முதல் நாள் கன்னத்தோடு நிறுத்துங்கள். தாடையும் கழுத்தும் பிறகு.

முடி வெட்டுப்படாமல் இழுபட்டால் 1000 கல்லில் பாக்கி இருக்கிறது. அலகின் ஒரு பகுதி மட்டும் இழுத்தால் அந்த இடத்தில் மார்க்கர் பூசிப் பாருங்கள். வெட்டுகிறது, ஆனால் தோல் எரிகிறது என்றால் 8000 கல்லில் குறை இருக்கலாம், அல்லது கடைசிக் கல்லில் அழுத்தியிருப்பீர்கள். 12000 கல்லில் கத்தியின் எடையோடு மட்டும் இன்னும் 20 சுற்று ஓட்டுங்கள். முதல் நாள் அருமையாக இருந்து மறுநாளே மழுங்கினால், ஒன்று பிசிறு உடைந்திருக்கும் அல்லது வாரில் கூர் உருண்டிருக்கும். 8000 கல்லுக்குத் திரும்பி, வாரில் கையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

10. கூரைக் காப்பாற்றுதல்

ஷேவ் முடிந்ததும் கழுவி, மெல்லிய தாளால் முதுகிலிருந்து வாய் நோக்கித் துடையுங்கள். வாயின் நீளவாக்கில் துடைத்தால் விரலும் போகும், கூரும் போகும். பிடியின் இடுக்கில் தங்கும் ஈரத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் விரித்து வைத்து, பிறகு மடியுங்கள். டேப் ஒட்டித் தீட்டியிருந்தால் அன்றே உரியுங்கள். அதன் அடியில் தங்கும் தண்ணீர் ஒரே இரவில் முதுகைத் துருவேற்றும்.

குளியலறையில் வைக்காதீர்கள். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கார்பன் இரும்பை விட்டுவைக்காது. சில நாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெயோ மினரல் ஆயிலோ ஒரு சொட்டுத் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால் தோலில் 40 சுற்று. வாரம் மூன்று நான்கு முறை பயன்படுத்தினால் மூன்று மாத அளவில் கத்தி மெல்ல இழுக்கத் தொடங்கும். அப்போது 12000 கல்லில் 20 சுற்று போதும். அதற்கும் சரிவராவிட்டால் 8000. கத்தி கீழே விழுந்தாலோ, குழாயில் தட்டிச் சில்லு பெயர்ந்தாலோ மட்டும் மீண்டும் 1000 கல்லை எடுங்கள்.